‘ரன்’ பெட்டி

"நேத்து சாயங்காலம் இந்தப் பெட்டியில நூத்திப் பன்னண்டு அட்டை இருந்துச்சு. இப்ப நூத்தி இருபத்தொண்ணு இருக்கு. ராத்திரி குட்டி போட்டுச்சா?"

அகராதிக்காரர் கேட்டதும் பிழை திருத்துபவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டைப்பிஸ்ட் அக்கா கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று பதினோரு வருடமாக அந்த அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. ஏ முதல் இசட் வரை முடிந்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் நின்றுபோயிருந்தது. ‘ரன்’. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. கையில் எடுத்தவர்களெல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று நழுவிவிட, எட்டு மாதத்துக்கு முன்னால் அது அகராதிக்காரரின் தலையில் விடிந்தது.

அங்கே வேலை செய்யும் முறையே தனி. ஒரு பொருளுக்கு ஒரு அட்டை. எல்லா அட்டையும் ஒரே அளவில், அலுவலகக் கணினியிலேயே அடித்து எடுத்ததாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் விழுந்த அட்டையைக் கிழிக்கக் கூடாது. வேண்டாமென்றால், ஏன் வேண்டாம் என்று இன்னொரு அட்டையில் அடித்து, அதையும் பெட்டியிலேயே போட வேண்டும். பெட்டியில் இருக்கும் அத்தனை அட்டைக்கும் தமிழ்ச் சொல்லோ காரண அட்டையோ இருந்தால்தான் டைரக்டர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தால்தான் சொல் முடிந்ததாகக் கணக்கு.

அகராதிக்காரருக்கு அந்தக் கையெழுத்து உயிர்போகிற அவசரம். ஒரு கல்லூரி நூலகத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இந்த அலுவலகத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் போனால், வரிசையில் அடுத்து நிற்பவரைச் சேர்த்துக்கொள்வோம் என்று அவர்கள் நயமாகவே சொல்லியிருந்தார்கள்.

"லெட்டர் ரெடியா இருக்கு. நீங்க அந்த வார்த்தைய முடிங்க, நான் கையெழுத்தப் போடுறேன்," என்றார் டைரக்டர். தினமும் இதையே சொன்னார்.

அன்று புதன்கிழமை.

முதல் வேலையாக அகராதிக்காரர் களையெடுக்க உட்கார்ந்தார். ஒன்றுபோல் இருந்த ஐம்பது அட்டைகளைப் பிடுங்கினார். விதிப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் அடித்தார். மதியம் எண்ணிப் பார்த்தால் பெட்டியில் நூற்று எழுபத்தொன்று.

டைரக்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "குறைக்கச் சொன்னா வளத்து வச்சிருக்கீங்களே."

"காரண அட்டைங்க சார். உங்க விதிதான்."

"அந்தக் காரணத்துல ஒண்ணு இடிக்குது," என்று பிழை திருத்துபவர் ஒரு அட்டையுடன் வந்தார். "நாய் துரத்தும்போது ஓடுறதும் பஸ்ஸப் பிடிக்க ஓடுறதும் ஒண்ணுதான்னு எழுதியிருக்கீங்க. எப்படி ஒண்ணாகும்? ஒண்ணுல நாம முன்னாடி ஓடுறோம். இன்னொண்ணுல பின்னாடி ஓடுறோம்."

"ஓட்டம் ஒண்ணுதானேய்யா?"

"நாயக் கேட்டா அப்படிச் சொல்லாது சார்."

டைரக்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கே," என்றார். அதற்கும் ஒரு அட்டை விழுந்து நூற்று எழுபத்திரண்டு ஆனது.

அகராதிக்காரர் சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தார்.

"பூட்டா? அருமையான யோசனை," என்றார் டைரக்டர். "ஒரு சாவி என்கிட்ட இருக்கட்டும். ஆனா பாருங்க, யாருக்காவது திடீர்னு நல்ல அர்த்தம் ஒண்ணு தோணினா என்ன பண்ணுவாங்க? மேல உண்டியல் மாதிரி ஒரு வாய் மட்டும் வச்சிருங்க."

"அப்ப எதுக்கு சார் பூட்டு?"

"பாதுகாப்புக்கு."

வியாழக்கிழமை காலை பூட்டைத் திறந்ததும் உள்ளே முப்பத்துநான்கு புது அட்டைகள் கிடந்தன. கூடவே கீழ்த்தளத்துப் பல் மருத்துவருக்கு வந்த இரண்டு கடிதங்கள். வாய் வைத்த பெட்டியைக் கண்டதும் தபால்காரர் தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிருந்தார்.

அகராதிக்காரர் அன்று ஐந்து மணிக்குப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இந்த ஆபீசில் வைத்தால் இது ஜென்மத்துக்கும் முடியாது என்று அவருக்குப் பட்டுவிட்டது.

வீட்டுக் கூடத்தில் அட்டைகளைப் பரப்பினார். நடக்க இடமில்லை. மனைவி காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"என்னங்க இது? திங்கக்கிழமைக்கு சட்டையெல்லாம் தேய்ச்சு வச்சுட்டேன். நீங்க இன்னும் இதையே கட்டிக்கிட்டு அழறீங்க?"

"முடிய மாட்டேங்குதே. இதப் பாரு, மோட்டாருக்கு ‘இயங்கு’. மூக்குக்கு ‘ஒழுகு’. சினிமாவுக்கு ‘திரையிடப்படு’. கடைக்கு ‘நடத்து’. துவைச்சா கரையுற சாயத்துக்கு என்ன போடுறதுன்னு மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிறேன்."

மனைவி குனிந்து ஒரு அட்டையை எடுத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"மோட்டார் ஓடுது. மூக்கு ஓடுது. படம் நூறு நாள் ஓடுது. கடை சுமாரா ஓடுது. நம்ம குடும்பம் ஏதோ ஓடுது. எல்லாத்துக்கும் ‘ஓடு’ன்னு போட்டா போதாதா? இதுக்கா எட்டு மாசம்?"

அகராதிக்காரருக்கு முதலில் கோபம் வந்தது. படித்தவனுக்கே உரிய கோபம் அது. ஆனால் அவள் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"தேர்தல்ல நிக்கிறதுக்கும் இதே வார்த்தைதான்," என்றார், கொஞ்சமாவது விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்காக. "நாம நிக்கிறோம்னு சொல்றோம். அவங்க ஓடுறோம்னு சொல்றாங்க. இதுக்கு என்ன பண்ணுவ?"

சோபாவில் படுத்திருந்த மச்சினன் தலையை மட்டும் தூக்கினான். "நம்மாளுங்களும் ஓடுவாங்க மாமா. ஜெயிச்சப்புறம்."

"நீ சும்மா கெடடா," என்றாள் அக்காக்காரி. "அத மட்டும் தனியா வைங்க. ஓடாததெல்லாம் இந்தப் பக்கம், ஓடுறதெல்லாம் அந்தப் பக்கம்."

இரண்டு மணி நேரத்தில் கூடம் காலியானது. ஓடுகிற அட்டைகள் அத்தனையும் ஒரே கட்டாகிவிட்டன. அந்தக் கட்டு முழுவதற்கும் ஒரே காரண அட்டை போதும். ‘ஓடு’வையும் சேர்த்து மிஞ்சியது இருபத்துநான்கு பொருள். ஒரு பக்கத்துக்குள் அழகாக அடங்கும். அகராதிக்காரர் அதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லைப் பற்றி நினைக்காமல் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை யாரும் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஏழு மணிக்கே கிளம்பினார். அலுவலகக் கதவு திறந்திருந்தது. விளக்கும் எரிந்தது.

பெட்டி இருந்த இடத்தில் செருப்புக்கடை அட்டைப்பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. மேல் மூடியில் யாரோ கத்தியால் நீளமாக ஒரு வாய் கீறியிருந்தார்கள். பெருக்க வருகிற அம்மா, துடைப்பத்தை மேசையில் சாய்த்துவிட்டு, டைப்பிஸ்ட் நாற்காலியில் அமர்ந்து ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

அவள் பதறவில்லை. "வாங்க சார். சேலையில நூல் ஓடுறதுன்னு ஏற்கெனவே யாராச்சும் போட்டாச்சா? இருந்தா சொல்லுங்க."

அகராதிக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். "நீங்களா? இத்தனை நாளா நீங்களா போட்டீங்க?"

"நான் மட்டும் இல்ல சார். நாளுக்கு ஒருத்தர்னு முறை வச்சுப் போடுறோம். புதன்கிழமை பிழை திருத்துற ஐயா, வியாழக்கிழமை டைப்பிஸ்ட் அக்கா. இந்தப் புத்தகம் முடியுற அன்னைக்கு ஆபீச மூடிருவாங்களாமே. உங்களுக்கு வேற வேலை கிடைச்சிருச்சு. எங்களுக்கு?"

இதைப் பற்றி அவர் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது உறைத்தது. அவள் முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் வீட்டில் தேய்த்து மாட்டியிருக்கும் சட்டை கண்முன் வந்து நின்றது. திங்கட்கிழமையை விட்டால் அவருக்கு மட்டும் வேறு யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

"உங்க கஷ்டம் புரியுதும்மா," என்றார். "ஆனா நான் முடிச்சுட்டேன். இருபத்துநாலே பொருள். டைரக்டர் வந்ததும் இத நீட்டி, லெட்டர்ல கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பப் போறேன். நீங்க பண்ற கூத்தெல்லாம் அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், யோசிச்சீங்களா? மனுஷன் எட்டு மாசமா முடி முடின்னு கத்துறாரே."

அந்த அம்மா அச்சாகி வந்த அட்டையை விளக்கில் பிடித்துப் பிழை பார்த்தாள். பிறகு செருப்புப் பெட்டியின் வாயில் மெல்லச் செருகினாள்.

"இது அவரோட அட்டைதான் சார். வெள்ளிக்கிழமை அவரு முறை. கண்ணு சரியாத் தெரியலன்னு என்னை அடிக்கச் சொல்லியிருக்காரு."