வெயிலடிக்கும்போது வைப்பர் ஓடுவது தொடர்பாக

இலத்தூர்,
ஆவணி 24.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விஜயசங்கர் அவர்களுக்கு மாமனார் சுடலைமுத்து எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை ஆனந்தவள்ளியும் சௌக்கியம். நீங்களும் ஜெயபிரியாவும் வாங்கிக் கொடுத்த கரண்டு கார் மட்டும் சௌக்கியமில்லை. போனில் பேசினால் உங்கள் அத்தை காதில் விழும், ஆகவே கடிதம்.

சீசன் முடியப்போகிறதே என்று போன சனிக்கிழமை ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம். செங்கோட்டை தாண்டியதும் சுள்ளென்று வெயில், வைப்பர் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. மழை வந்தால் தானே துடைக்கும் என்றுதான் சொன்னீர்கள், வெயிலையும் துடைக்கும் என்று சொல்லவில்லையே. காய்ந்த கண்ணாடியில் அது கீச்சுக்கீச்சென்று போக, நிறுத்தலாமென்றால் பொத்தானைக் காணோம், எல்லாம் அந்தத் திரைக்குள் இருக்கிறதாம், ஒன்றைத் தொட்டால் வழி சொல்லும் பெண் மலையாளம் பேசினாள், இன்னொன்றைத் தொட்டதும் அத்தையின் இருக்கை மல்லாந்து, கூரையைப் பார்த்தபடியே அவள் வீடு வந்து சேர்ந்தாள். கம்பெனிக்குப் போன் செய்தால் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார்கள். அதைத்தானய்யா அது ஓயாமல் செய்கிறது என்றேன்.

இதற்குள் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தவர்கள், குற்றாலத்துப் பக்கமிருந்து வைப்பர் போட்டுக்கொண்டு கார் வருகிறதே, மழை பின்னாலேயே வருகிறது என்று நெல்லை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. திங்களன்று நெல் காயப்போட்டிருந்த மாரிச்செல்வி நடுரோட்டில் வண்டியை மறித்து, “அண்ணாச்சி, ஒங்க வண்டி பொய் சொல்லுது,” என்றாள். செவ்வாயன்று ஒருத்தரும் நெல்லைத் தொடவில்லை, அன்றைக்குப் பார்த்து நிஜமாகவே மழை. இப்போது ஊரே என்னை ஏசுகிறது.

உங்கள் அத்தையோ, “நீங்கதான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டிய,” என்று சாவியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். முப்பத்தாறு வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறிய நான் மினிபஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது மாப்பிள்ளை. ‘இதில் மாமா மேல் தப்பில்லை’ என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், சாவி கிடைத்துவிடும்.

ஜெயபிரியாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் ஊரிலாவது மழை மழையாகவும் வெயில் வெயிலாகவும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
சுடலைமுத்து.

பி.கு.: கவரை ஒட்டுமுன், வண்டியைத் துடைக்கிறேன் என்று கெஞ்சிச் சாவியை வாங்கினேன். முன்கண்ணாடியில் மழையைப் பார்ப்பதற்கென்று ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, அதன் கண்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. ஐந்தருவியில் வண்டியை விட்டு இறங்கிக் குளிக்கப் போகுமுன் உங்கள் அத்தை நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியது. பிய்த்தேன், வைப்பர் நின்றுவிட்டது. பொட்டை விரலில் ஒட்டிக்கொண்டு ஜெயித்தவன் மாதிரி உள்ளே போனேன். அவள் அதை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, “தொலைஞ்சிராம இங்கன ஒட்டு, இதுதான் பத்திரமான எடம்னு அன்னைக்குச் சொன்னது யாரு?” என்று கேட்டாள்.

சாவி மறுபடியும் பானைக்குள் இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுத வேண்டாம் மாப்பிள்ளை.