சோதனையும் இல்லை, கரண்டும் போகாது

பிள்ளைகளைப் பயமுறுத்துவது இலகுவான வேலை என்று நம்பித்தான் நான் எழுத்தாளரானேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தில்லையடியில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எதிர்காலத்தைப் பற்றி ஓர் இளையோர் நாவல் எழுதி அச்சடித்தும் விட்டேன். பெயர் 'ஏழாம் இலக்க நகரம்'. ஒரு பெரிய கண்ணாடிக் கூடாரத்துக்குள் மனிதர்கள் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களை ஆள்வது ஓர் இயந்திரம். யாருக்கும் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். கேள்வி கேட்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. முடிவில் 419 என்ற சிறுமி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே ஓடுகிறாள். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்து நானே தேம்பித் தேம்பி அழுதேன். (வேறு யாரும் அழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

பாடசாலை மண்டபத்தில் நாவலைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். தரம் எட்டு, ஒன்பது பிள்ளைகள் புத்தகத்தை வாசித்துவிட்டு வந்திருந்தார்கள். பிரதம விருந்தினர் ஒரு கல்வி அதிகாரி. கூட்டம் நல்லபடி நடந்தால் சுற்றுவட்டாரப் பாடசாலை நூலகங்களுக்கெல்லாம் புத்தகத்தைச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். முன்வரிசைக் கதிரையில் உம்மா, புதுச் சாரியோடு.

"சுதந்திரம் என்பது..." என்று நான் குரலை உயர்த்திய நொடியில் கரண்ட் போனது. ஒலிவாங்கி செத்தது, மின்விசிறிகள் நின்றன. தகரக் கூரைக்குக் கீழே முந்நூறு பேரும் அவியத் தொடங்கினோம். சரி, கேள்வி கேளுங்கள் என்றேன்.

ஒன்பதாம் தரத்து ஹப்ஸா எழும்பினாள்.

"மிஸ், அந்த நகரத்துல கரண்ட் போகுமா?"

"போகாது. எல்லாத்தையும் இயந்திரம்தானே நடத்துது."

"அப்ப உள்ளுக்குக் குளிரா இருக்குமா?"

"ஓம். ஆனா அது செயற்கைக் குளிர், மகள். வெயிலே தெரியாத வாழ்க்கை!"

மண்டபம் முழுக்கப் பெருமூச்சு விட்டது. துயரப் பெருமூச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"சோதனை இருக்கா மிஸ்?"

"கேள்வி கேக்கவே தடை. பிறகு எங்க பரீட்சை?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"குழாயில வாறது உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணி" என்றேன். என் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"அப்ப 419 ஏன் மிஸ் ஓடினா? அவவுக்குப் பைத்தியமா?"

நான் பதில் தேடுவதற்குள் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. உம்மா!

"மகள், அந்த மெஷின் மீனும் வெட்டித் தருமா?"

"அங்க மீனே இல்ல உம்மா. குழாயில கூழ் மாதிரி ஒண்டு வரும், அவ்வளவுதான்."

"அப்ப சமைக்கவே தேவல்லயா?"

பிறந்ததிலிருந்து அப்படியொரு ஒளியை உம்மாவின் முகத்தில் நான் கண்டதில்லை.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "சரி பிள்ளைகள், அந்த நகரத்துக்குப் போக விருப்பமானவங்க கையைத் தூக்குங்க பார்ப்பம்."

மண்டபமே கையைத் தூக்கியது. உம்மா இரண்டு கைகளையும் தூக்கினார். அதிகாரியின் கைகூடப் பாதிவரை எழும்பி, என்னைக் கண்டதும் தலையைச் சொறிவதுபோல் நடித்தது.

இரண்டு வருட உழைப்பு! தொண்டை கிழியக் கத்தினேன்:

"கையக் கீழ போடுங்க! ஒருத்தரும் கதைக்கக் கூடாது! அது கெட்ட நகரம். நான் கெட்டதெண்டு சொன்னா கெட்டதுதான்! இனிக் கேள்வி இல்ல!"

தூக்கிய கைகளெல்லாம் இறங்கின. ஹப்ஸா மெதுவாகப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல மெஷினும் இப்பிடியேதான் மிஸ் சொல்லுது."

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு பாலாவிச் சந்திவரை கேட்டிருக்கும். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். நான் பக்கத்துக் கதவால் ஓடி, நூலகத்தில் ஓர் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். (ஆம், ஓர் ஆசிரியை.) கொஞ்ச நேரத்தில் உம்மா மீன் அடைத்த ஒரு மாலு பணிசோடு வந்து சேர்ந்தார்.

"ஏன்டி அழுற? பக்க இலக்கம் வரைக்கும் தெரிஞ்சிருக்குதுகள். எவ்வளவு வடிவா வாசிச்சிருக்குதுகள், பாரு."

எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. பணிசைத் தின்றேன்.

அதிகாரி சொன்னபடியே சிபாரிசுக் கடிதம் அனுப்பினார். 'மாணவர்கள் மிகவும் விரும்பினார்கள்' என்று அதில் இருந்தது. எதை விரும்பினார்கள் என்பதை மட்டும் நாகரிகமாக விட்டுவிட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் கரண்ட் போனால், "உடுப்புப் பெட்டிய எடுங்க, மகள்ட ஊருக்குப் போவம்" என்று உம்மா சத்தம் போடுவார். என் கணவரும் பிள்ளைகளும் இலக்கம் சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். போன நோன்பில், கஞ்சி அடுப்பில் கொதிக்க, கழுவாத சட்டிகள் குவிந்து கிடக்க, மீன் பாதி வெட்டியபடி இருக்கக் கரண்ட் போனது. உம்மா அன்று வீட்டில் இல்லை. பெட்டியை எடுக்கச் சொன்னது நான்தான்.