ஜெயத்தின் வெள்ளைச் சீட்டு

“வேணாங்கிறதப் போட்டுட்டு வாம்மா. மத்தத பத்திரமா வெச்சுக்க” என்று அங்கன்வாடி வாசலில் நின்ற சுப்பிரமணியன் சொன்னதும் ஜெயம் கையிலிருந்த இரண்டு சீட்டையும் முந்தானைக்குள் மறைத்தாள். தன் மனசில் இருப்பது இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது?

புதுச்சேரி மூலக்குளத்தில் அவர்கள் தெருக்காரர்களே கூடிப் பேசிப் போட்ட திட்டம் அது. மூடிய சாக்கடை, விளக்கு, முனைக்கு முனை குப்பைத்தொட்டி. வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, ஓட்டு. சாக்கடை வரப்போகும் தெருவோர மூன்றடியில்தான் ஜெயத்தின் இட்டிலிக் கடை இருந்தது. புருஷன் இராமதாஸ் வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து அந்த அடுப்புதான் இரண்டு பேருக்கும் சோறு. வேண்டாம் என்று போட்டால் கடை பிழைக்கும். போட்டது வெளியே தெரிந்தாலோ, கடைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். மழைக்கு மழை வீட்டுக்குள் சாக்கடை புகுந்து நொந்துபோன தெரு அது.

ஓட்டு முறை சுப்பிரமணியன் ஏற்பாடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். தெருவுக்கு அவர் ‘சொல்தா’, அதாவது சிப்பாய். பிரான்சிலெல்லாம் ஓட்டுக்கு ஆளுக்குப் பல சீட்டு தருவார்களாம்; ஒன்று பெட்டிக்கு, மீதி கையோடு. இங்கே இரண்டே சீட்டு. வெள்ளையில் ‘வேண்டும்’, மஞ்சளில் ‘வேண்டாம்’.

அங்கன்வாடியில் புடவை கட்டி மறைத்த மூலையில் ஜெயம் மஞ்சளைப் பெட்டிக்குள் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் கையைப் பார்த்தாள். வெள்ளை அப்படியே இருந்தது. உள்ளே போனது எது என்று காட்டிக்கொடுக்க இது ஒன்று போதாதா?

வெளியே அஞ்சலாட்சி நின்றிருந்தாள். தெருச் சங்கத் தலைவி, திட்டமே அவள் மூளையில் பிறந்தது. ஞாயிறுதோறும் முப்பது இட்டிலி வாங்குகிறவளும் அவள்தான்.

“என்னா ஜெயம், இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“அடுப்புச் சூடுக்கா.”

அங்கன்வாடியில் அடுப்பு எதுவும் எரியவில்லை.

சீட்டைக் குப்பைத்தொட்டியில் போடலாம் என்றால், தெருவில் தொட்டியே கிடையாது. அதற்குத்தானே திட்டம். கடைக்கு ஓடி, பார்சல் கட்டும் வாழையிலைகளுக்கு நடுவில் செருகினாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் இலைக்கட்டு பாதியாக இளைத்திருந்தது.

“எலையெல்லாம் எங்கங்க?”

“அஞ்சலாட்சி வூட்டுக்கு முப்பது இட்டிலி கட்டி அனுப்புனேன். ஏன், மூஞ்சி இப்படிப் போவுது?” என்றார் இராமதாஸ்.

ஜெயம் ஓடினாள். அஞ்சலாட்சி வீட்டில் முதல் விள்ளல் வாய்க்குப் போகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். “தொடாதீங்கக்கா. சட்னி ஊசிப்போச்சு.”

அஞ்சலாட்சி விள்ளலைக் கீழே வைத்தாள். “காலையில தெருவே அந்தச் சட்னியத்தானேடி தின்னுச்சு?”

கால்மணி நேரத்தில் நாலு வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அன்னக்கிளி மூன்றாம் தடவையாகக் கொல்லைக்குப் போயிருப்பதாகச் சேதி வந்தது. கடையைக் காப்பாற்றப் போய்க் கடைக்கே கொள்ளி வைத்தாயிற்று. ஜெயம் வீடு வீடாகப் போய்ச் சட்னி நல்ல சட்னிதான் என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. கடைசியில் மிச்சமிருந்த ஒரு சொம்பு சட்னியையும் தெரு பார்க்கத் தானே குடித்தாள். பச்சைமிளகாய்ச் சட்னி. அதன் பிறகு நிஜமாகவே வயிற்றுவலி வந்தது அவளுக்கு மட்டும்தான்.

நாலு மணிக்கு அங்கன்வாடியில் எண்ணிக்கை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அஞ்சலாட்சி, அவள் கைக்குள் எதையோ வைத்து அழுத்தினாள். எண்ணெய் ஊறிய வெள்ளைச் சீட்டு.

“இட்டிலிக்கு அடியில கெடந்துச்சு. பத்திரமா வெச்சுக்க” என்று காதோடு சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் ஜெயத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பெட்டியைத் திறந்தார்கள். முதல் சீட்டு மஞ்சள். தன்னுடையதுதான், தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்ததும் மஞ்சள் என்றார்கள். அதற்கடுத்ததும். கண்ணைத் திறந்தாள். நாற்பத்தாறு சீட்டும் மஞ்சள். வெள்ளை ஒன்றுகூட இல்லை.

அக்காவின் சிரிப்பு இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அக்காவும் மஞ்சளா! எல்லார் வாசலிலும்தான் ஒரு படியோ, ஒரு செம்பருத்தியோ அந்த மூன்றடியில் இருக்கிறதே. பாவம், தெரு முழுக்கத் தன்னைப் போலவே பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. ஜெயம் எழுந்தே நின்றுவிட்டாள்.

“நானும் மஞ்சள்தான் போட்டேன். இதுக்குப் போயி பயந்து செத்தேன் பாருங்க.”

தெருவே கைதட்டியது. அஞ்சலாட்சி அவளைக் கட்டிக்கொண்டாள்.

சுப்பிரமணியன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மெர்சி, மெர்சி, எல்லாருக்கும் நன்றி. வேணுங்கிற சீட்டக் கையில வெச்சுக்கிட்டு, வேணாத சீட்டப் போட்டுடச் சொன்னேன். ஒருத்தர் பாக்கியில்லாம அந்த ‘வேண்டாம்’கிறதத் தூக்கிப் போட்டுட்டீங்க. திட்டம் ஜெயிச்சாச்சு. நாளைக்குக் காலையில சாக்கடைக்கு மொத வெட்டு, மொத ஆளா எழுந்து சொன்ன நம்ம ஜெயம் கடையிலேருந்து.”