ஆவி மாமாவும் மொட்டைமாடி ராசுவும்

பேயை நம்பாதவர்கள் உண்டு; நம்பிப் பயப்படுகிறவர்களும் உண்டு. பேய்க்கு ஷிப்ட் போட்டு வேலை வாங்கியவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஆவி மாமா.

2008 வாக்கில் சிதம்பரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தேன். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு பழைய லாட்ஜில் மாத வாடகைக்கு ஜாகை. அங்கே மேனேஜர், பிளம்பர், வாட்ச்மேன் எல்லாமே ஆவி மாமாதான். வெந்நீர் அவர் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஒரு வாரம் தங்கினால் தெளிந்துவிடும்.

லாட்ஜின் மொட்டைமாடியில் ஒரு ஹீட் பம்ப் இருந்தது. ஊட்டியில் மூடிப்போன ஏதோ ஓட்டலிலிருந்து முதலாளி ஏலத்தில் எடுத்தது. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுகிறதல்லவா? இது வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீரில் இறக்கும். பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். மாமா அதை 'ராசு' என்று கூப்பிடுவார்.

நான் குடிவந்த முதல் மார்கழியில், துண்டு காயப்போட விடிகாலையில் மாடிக்குப் போனேன். பனிமூட்டத்தில் கோபுரமே காணாமல் போயிருந்தது. மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் முதுகுக் கம்பிகள் முழுக்க வெள்ளையாகப் பனிக்கட்டி. திடீரென்று விசிறி நின்றது. காது அடைத்துப்போகிற அமைதி. உள்ளே 'க்ளக்' என்று ஒரு சத்தம். அப்புறம் பெருமூச்சு. நீளமாக, பாரம் இறக்கிவைத்த ஆள் விடுகிற மாதிரி. பனிக்கட்டி படபடவென்று உதிர, வெள்ளைப் புகை எழுந்தது. புகைக்குள்ளிருந்து ஒரு குரல்:

“ஆச்சா ராசு? பொறுமையா பண்ணு. யாரும் தொரத்தல.”

துண்டை விட்டுவிட்டுக் கீழே வந்தேன். படி வழியாகத்தான் வந்தேனா என்று இன்றுவரை நிச்சயமில்லை.

கடலூரிலிருந்து வரும் சர்வீஸ் மெக்கானிக் எனக்கு விளக்கினார். “சார், பழைய மெஷின், கேஸ் கொறச்சல்; அதான் இந்த ஊர்லயே பனி புடிக்குது. கம்பியில பனி புடிச்சா காத்து உள்ள போவாது. சென்சார் கண்டுபுடிச்சி விசிறிய நிறுத்திடும். கேஸ் ரூட்ட திருப்பி, சூட்ட தண்ணிக்கு அனுப்பாம கம்பிக்கே அனுப்பும். பனி உருகினதும் பழையபடி ஓடும். அவ்ளோதான்.”

பக்கத்தில் நின்ற மாமா பயபக்தியோடு தலையாட்டினார். “கரெக்ட்டு தம்பி. இத்தினி வேலையையும் ராசு ஒத்த ஆளா பாக்குறான் பாரு!”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

பெருமூச்சு கேட்டுப் பாதி முகச் சவரத்தோடு ரூமைக் காலிசெய்தவர்கள் உண்டு. ஒரு வெளியூர் பக்தர் அதன் முன்னால் சூடம் ஏற்றிப் பிள்ளைவரம் கேட்டார். மறுவருஷம் இரட்டைக் குழந்தைகளோடு வந்து தேங்காய் உடைத்தார். மாமா அதில் ஒரு மூடியை மெஷின்மேல் வைத்து, “ஒனக்குதாண்டா” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து கேட்டேன். “யாரு மாமா அந்த ராசு?”

“செத்துப்போன எம் பொண்டாட்டியோட அண்ணன். ரெண்டு பேரும் வடக்க ஒரு ஆலையில பாய்லர் பாத்தோம். பிரஷர் ஏறுனா தானா தொறந்துக்கற வால்வு ஒண்ணு இருக்கும். அது அடிக்கடி தொறந்து வேல நின்னுச்சி. கம்பி போட்டுக் கட்டுங்கன்னு மேல இருந்து சொன்னாங்க. இவன் கட்டினான். நான் பீடி வாங்க வெளில போனேன்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “திரும்பி வந்தா பாய்லர் இல்ல. அவனும் இல்ல. ஆனா மாப்ள, இந்த மெஷின் மொத தடவ மூச்சு வுட்டுச்சி பாரு, அது அவன் மூச்சுதான். எனக்குத் தெரியாதா?”

மத்தியானம்தான். வெயில் கொளுத்தியது. எனக்கு மட்டும் முதுகு சில்லென்றிருந்தது.

மறுவருஷம் ஆருத்ரா தரிசனத்துக்கு லாட்ஜ் நிரம்பி வழிந்தது. விடிகாலையில் ராசு நின்றுபோனான். சிவப்பு விளக்கு. மாமா ரீசெட் பட்டனை அழுத்தினார், ஓடியது, நின்றது. மறுபடியும் அப்படியே. அதற்குமேல் அவர் பட்டனைத் தொட மறுத்துவிட்டார்.

“வாணாம்னு சொல்றான். வுட்டுடுங்க.”

கீழே வாளிகளோடு கூட்டம் கத்தியது. முதலாளி யாரோ ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடித்து வந்தார். அந்த ஆள் மூடியைக் கழற்றி, பிரஷர் ஏறினால் மெஷினை நிறுத்துகிற சுவிட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கி ஒன்றாக்கினார். “இப்ப எப்படி நிக்குதுன்னு பாக்கறேன்!”

ராசு நிற்கவில்லை. ஆனால் அது உறுமல் இல்லை; முனகல். செம்புக் குழாய்கள் நடுங்கின. மாடியில் ஈரப் புடவை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பீடி பற்றவைக்கப் போன மாமாவின் கை நின்றது.

“எறங்குங்க! எல்லாரும் கீழ எறங்குங்க!”

அவ்வளவு மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பெண்கள் ஓடினார்கள். எலெக்ட்ரீஷியன் அவர்களுக்கு முன்னால் ஓடினார். முதலாளியை நான் இழுத்துக்கொண்டு படிக்கு வந்தேன். மாமா மட்டும் எதிர்த்திசையில் ஓடி மெயின் சுவிட்சை இழுத்தார். இழுத்த கையோடு ஒரு குழாய் வெடித்தது.

மாடி முழுக்க வெள்ளை. சீறல் அடங்கிய பிறகு எந்தச் சத்தமும் இல்லை. “மாமா” என்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இரண்டு படி மேலே ஏறினேன்.

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு உருவம் மெதுவாக நடந்து வந்தது. புருவம், மீசை எல்லாம் உறைபனி. முதலாளி “சிவ சிவா” என்று உட்கார்ந்துவிட்டார். உருவம் வாயைத் திறந்தது.

“பீடி நமுத்துப்போச்சி மாப்ள.”

மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். மூடியில்லாத தொட்டியில் யாருடைய கோவணமோ பறந்துவந்து விழுந்து, தண்ணீர் வரும் வழியை அடைத்திருக்கிறது. சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லாததால் பிரஷர் ஏறியிருக்கிறது. “நின்னது மெஷினோட நல்ல குணம் சார்” என்றார். மாமா காதில் அது விழவில்லை. மெஷினைத் தடவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்.

குழாயை மாற்றி ராசுவை மறுபடி ஓடவிட்டார்கள். பிறகு எனக்குக் கல்யாணமாகி, கடலூருக்கு மாற்றலானது. 2011 கடைசியில் ‘தானே’ புயல் அடித்த மறுநாள், போன் எதுவும் வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு நின்ற மனைவி, “இந்த நேரத்துல யாரப் பாக்கப் போறீங்க?” என்றாள். “சும்மா” என்று சொல்லிவிட்டு, விழுந்துகிடந்த மரங்களுக்கு நடுவே பைக்கைத் தள்ளியும் ஓட்டியும் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன்.

லாட்ஜில் ஆளில்லை. மாடியில் மெஷின் கவிழ்ந்து, குழாய்கள் வெளியே கிடந்தன. பக்கத்தில் மாமா நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“ராசு போயிட்டாம்பா. காத்து தூக்கி அடிச்சிடுச்சி. புடிச்சிப் பாத்தேன், முடியல.” அப்புறம்தான் என்னை முழுதாகப் பார்த்தார். “நீ ஏண்டா புள்ளைய வுட்டுட்டு வந்த?”

“நாலு நாள் நம்ம வூட்ல வந்து இருங்க மாமா.”

மறுப்பார் என்று நினைத்தேன். எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

என் மனைவி வாசலிலேயே என்னைத் தனியே இழுத்து, “ஆவியோட பேசுறவருன்னு சொல்வீங்களே, அவரா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்க் கூடுதலாக ஒரு தட்டு எடுத்துவைத்தாள்.

நாலு நாளைக்கென்று வந்தவரை நாங்களும் அனுப்பவில்லை, அவரும் கிளம்பவில்லை. என் மகள் பேச ஆரம்பித்தபோது அப்பா என்றும் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. ‘தாத்தா’ என்றாள். அவர் என்னைச் சங்கடத்தோடு பார்த்தார். எனக்கென்னவோ, அவள் சரியாகத்தான் சொல்கிறாள் என்று பட்டது.