ஒப்பம் துறந்த நாற்பது நாள்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் கரையோர அலுவல்கள் ஒருங்கிணைப்புப் பணிமனையில், எழுதுவினைஞர் நிஷாந்தினி பாரதூரமான ஒரு தீர்மானத்துக்கு வரவேண்டியிருந்தது. தவக்காலம் தொடங்க ஒரு கிழமைதான் கிடந்தது. எதை விடுவது?

நாக்கு எதற்கு அடிமையோ அதை நாற்பது நாள் விடச் சொல்லிப் பங்குச் சுவாமி பூசையில் பிரசங்கம் வைத்திருந்தார். போன வருசம் நிஷாந்தினி பாகற்காயை விட்டாள். அது ஒறுத்தலில்லை, கொண்டாட்டம் என்று பிறகு மனச்சாட்சி குத்தியது. இந்த முறை தேத்தண்ணியை விடுவதென்று முடிவு செய்தாள். நாளுக்கு ஆறு கோப்பை குடிக்கிறவளுக்கு இது சின்னக் காரியமில்லை. ஆனால் வேண்டுதலும் சின்னதில்லை. புருசன் மன்னாரில் படிப்பிக்கிறான். இரண்டு வருசமாகக் குடும்பம் பஸ்ஸில்தான் நடக்கிறது. அவளுடைய இடமாற்றக் கடிதம் பணிப்பாளர் சிவக்கொழுந்தின் மேசையில் ஒப்பத்துக்குக் கிடந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் அது மன்னார் போய்ச் சேராவிட்டால், அங்குள்ள வெற்றிடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதே மேசையில் சல்லிக் கிராமத்து மீனவர் கதிரவேலின் வள்ளத்துக்கான அனுமதிப் பத்திரமும் கிடந்தது. கிழமைக்கு இரண்டு தரம் அந்த மனுசன் வந்து கவுண்டரில் நிற்பார். நிஷாந்தினி தலை நிமிராமலே, “நாளைக்கு வாங்கோ அண்ணை” என்பாள். அவரும் போய்விடுவார்.

தேத்தண்ணி விடும் கதை எப்படியோ பணிப்பாளரின் காதுக்கு எட்டியது. அவர் இந்து. ஆனால் கொழும்பில் ‘சுயகட்டுப்பாட்டினூடாக வினைத்திறன்’ என்ற மூன்று நாள் பயிற்சி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். உடம்பு முழுக்க வினைத்திறன் ஊறிக் கிடந்தது. திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. சகல உத்தியோகத்தர்களும் தத்தமக்கு மிகவும் விருப்பமான ஒன்றைத் துறந்து, அதனை இத்தால் மூன்று பிரதிகளில் பிரகடனப்படுத்துதல் வேண்டும்.

பணிமனை சுறுசுறுப்பானது. பிரசாந்தி தான் இன்னும் சேராத ஜிம்மைத் துறந்தாள். ஜதுர்சன் லிஃப்ட்டில் ஏறுவதைத் துறந்தான். அந்தக் கட்டடத்துக்கு மாடியே இல்லை. அலுவலக உதவியாளர் லாபிர் மட்டும் பணிவாக ஒரு நியாயம் கேட்டார்.

“சேர், எங்களுக்கும் வியாழக்கிழமை நோம்பு தொடங்குது. பகலில பச்சத்தண்ணியும் இல்ல. அதையே எழுதட்டா?”

“அது சுற்றறிக்கைக்கு முந்தின நோன்பு, லாபிர். இதுக்குள்ள வராது. புதுசா ஒண்டு வேணும்.”

லாபிர் யோசித்துவிட்டு, ‘கேளாத விசயத்தைக் கதைக்கமாட்டேன்’ என்று மூன்று பிரதிகளிலும் எழுதினார்.

செவ்வாய் மத்தியானம் நிஷாந்தினி அரைநாள் லீவு போட்டாள். மறுநாள் நெற்றியில் பூசும் சாம்பலுக்காக எரிக்க, போன வருசக் குருத்தோலைகளைக் கோயிலில் கொடுக்கவேண்டும். புதன் காலை நெற்றியில் சாம்பலோடு வந்தவள் முதல் வேலையாகத் தன் அலுமாரியைப் பூட்டினாள். தேயிலைப் பேணியும் சுடுதண்ணிப் போத்தலும் அதற்குள்தான் இருந்தன. கண்டால் மனம் இளகும் என்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டே பூட்டி, அன்றைக்கே திறப்பை வீட்டு மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டாள்.

சுவர்க் கலண்டரில் வருசம் முழுவதற்கும், ஒவ்வொரு தேதிக்கும் பணிப்பாளரின் ஒப்பம் இருந்தது. லாபிரின் குடைப்பிடியிலும் இருந்தது. ஏனென்று அவள் யாரையும் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பணிப்பாளர் சபை கூட்டினார். மூன்று சுழியும் ஒரு நீண்ட வாலுமாக அரைப்பக்கம் ஓடும் தன் ஒப்பத்தை விட விருப்பமானது தனக்கு உலகில் வேறில்லை என்றும், ஆகவே அதையே துறப்பதாகவும் அறிவித்தார். கை தட்டினார்கள். நிஷாந்தினிக்குத் தன் கடிதம்தான் நினைவு வந்தது. அவர் பின்னாலேயே அறைக்குள் ஓடினாள்; ஆனால் கடிதத்தின் பேச்சை எடுக்கக் கூச்சமாக இருந்தது.

“சேர், தவக்காலத்தில ஞாயிற்றுக்கிழமை கணக்கில்லை. விட்டதை அண்டைக்கு எடுக்கலாம். ஞாயிறில ஒப்பம் வைக்கலாம்தானே?”

அவர் முகம் மலர்ந்தது. “நல்ல விசயம். ஆனா ஞாயிறு கந்தோர் பூட்டெல்லோ. திறக்கிறதுக்கு விசேட அனுமதி வேணும்.”

“அதை ஆர் சேர் தாறது?”

“நான்தான். வெள்ளிக்கிழமை ஒப்பம் வைச்சுத் தரவேணும்.” பேனையைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தார். “வைக்கேலாதே, பிள்ளை.” உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

அவருக்குப் பதிலாகக் கடமை பார்க்க ஆள் போடவும் அவருடைய ஒப்பம்தான் வேண்டும். அதன் பிறகு காரியங்கள் தம் பாட்டில் ஓடின. வரவுப் பதிவேட்டில் ஒப்பமில்லாததால் பணிப்பாளர் நாள்தோறும் சமுகமளித்தபடியே சமுகமளிக்காதவரானார். இதற்கு விளக்கம் கோரித் தனக்குத் தானே ஒரு கடிதம் தயாரித்தார். ஒப்பமின்றி அதையும் அனுப்ப முடியவில்லை. இந்தப் பணிமனையிலிருந்து ஒரு கடிதமும் வராததால் ஒரு பிழையும் வரவில்லை என்று தலைமையகம் பாராட்டி எழுதியது.

கதிரவேல் வந்தார். நிஷாந்தினி அவருக்கும் ஒரு துறவுப் படிவம் நீட்டினாள். பொதுமக்களும் பங்குபற்றலாம்.

“நான் என்னத்தைப் பிள்ளை விட்டனான் எண்டு எழுதுறது? வள்ளம் கரையில கிடக்கு. தொழிலை விட்டனான் எண்டு போடட்டோ?”

போடச் சொல்லிவிட்டு, “ஐயா ஒப்பத்தை விட்டிட்டார் அண்ணை. நாளைக்கு வாங்கோ” என்றாள். அவர் படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் முப்பத்தொன்று வந்தது, போனது. மன்னார் வெற்றிடமும் போனது. அன்று பின்னேரம் நிஷாந்தினி மேசையில் தலை வைத்து அழுதாள். அப்படியும் தேத்தண்ணியைத் தொடவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை. நிஷாந்தினி திறப்போடு வந்து அலுமாரிக்குக் கிட்டப் போனாள். லாபிர் தொண்டையைச் செருமினார்.

“மிஸ், அந்தக் கடிதக் கட்டை இன்னும் அனுப்பல்லியா?”

“எந்தக் கட்டு, லாபிர் நானா?”

“செவ்வாக்கிழமை நீங்க குருத்தோல குடுக்கப் போன நேரம், சேர் நாளைக்கு விடப்போறன் எண்டு ஆசை தீரக் கையெழுத்துப் போட்டார். மேசையில ஒண்டும் மிச்சமில்ல. கலண்டர், குடை எல்லாத்திலயும் போட்டார். நான்தான் கட்டி உங்கட அலுமாரிக்க வெச்ச.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்க கேட்கல்லியே, மிஸ்.”

கதவைத் திறந்தாள். தேயிலைப் பேணிக்கு மேலே கட்டு இருந்தது. முதலாவது அவளுடைய இடமாற்றக் கடிதம். மூன்று சுழி, ஒரு வால், பெப்ரவரி பதினேழு. அடுத்தது கதிரவேலின் அனுமதிப் பத்திரம். இரண்டையும் ஒவ்வொரு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கவுண்டரில் யாரோ மெல்ல இருமினார்கள்.

“பிள்ளை, ஒப்பம் ஆச்சோ?” என்றார் கதிரவேல்.

அவருடைய பத்திரம் அவளுடைய வலது கையில்தான் இருந்தது. நாற்பது நாள் தேத்தண்ணியைத் துறந்து புனிதமான வாய், கையைக் கேளாமல் தன் பாட்டில் சொன்னது:

“நாளைக்கு வாங்கோ, அண்ணை.”