அலைஞானியின் செப்புக் கம்பி

தொழிற்சாலை வாசலில் ஊரில் பாதி நின்றது. மீதிப் பாதி மதில்மேல் தொங்கியது. ஒரு வாரமாகக் கிடங்கில் காணாத, கதிர்வீச்சுப் பொருள் அடைத்த குப்பியைக் கண்டுபிடிக்க அலைஞானி துணி விரித்த ஆசனத்தில் எழுந்தருளியிருந்தார். வானொலி அலையும் ரேடார் அலையும் அவர் காதோடு பேசுமாம். உடனே கையிலுள்ள செப்புக் கம்பி தலையாட்டுமாம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அறுந்த ஹெட்போன். விஞ்ஞானம் வேண்டாமா பின்னே!

ஒருவர் தொலைந்த மோதிரத்தைக் கேட்டார். இன்னொருவர் மகளுக்கு மாப்பிள்ளை எந்தத் திசையில் என்றார். ரேடார் அதையெல்லாமா பார்க்கும்? தட்சிணை வைத்தால் பார்க்கும்.

காலையில் கம்பி கிடங்குக்காரியின் அலமாரியைக் காட்டிவிட்டது. அலமாரியில் குப்பி இல்லை.

"அப்ப வித்துட்டா," என்றார் ஞானி.

"சாயங்காலத்துக்குள்ள குப்பி வரலைன்னா போலீஸ்தான்மா," என்றார் மேலாளர். பதினெட்டு வருஷ வேலை, ஒரு கம்பியின் தலையாட்டலில் போகப் பார்த்தது.

"நேத்து சோதனைக்கு வரிசையா வெச்ச பெட்டியில கதிர்வீச்சுப் பெட்டியை மட்டும் டக்குனு காட்டினாரே!" என்று கூட்டம் சிலிர்த்தது.

கிடங்குக்காரி அழவில்லை, யோசித்தாள். அந்தக் கிடங்கில் எவரும் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. மேலே மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்தால் கதிர்வீச்சு; இல்லையென்றால் காலி. ஞானியும் ஒட்டுத்தாளை நம்புற நம்ம ஆள்தானோ?

ஐந்து பெட்டிகளை அடுக்கினாள்.

"சாமி, சரக்கு எதுலன்னு காட்டுங்க. சரியா இருந்தா நானே ஜெயிலுக்கு நடந்து போறேன்."

ஞானி கண்ணை மூடினார், முக்கால்வாசி. கம்பி மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்த ஒரே பெட்டியின் முன் சாஷ்டாங்கமாக விழுந்தது. கைதட்டலில் கூரைத் தகரம் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது.

கிடங்குக்காரி பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவளுடைய மத்தியானச் சாப்பாடு.

"ரேடார் கொஞ்சம் தடுமாறிருச்சு..."

"தடுமாறல சாமி, அதுக்குப் பசி!"

அதற்குள் மேலாளர் பூட்டி வைத்திருந்த கருவியோடு தொழிற்சாலைப் பொறியாளர் வந்தார். "ஊரெல்லாம் ஏற்கெனவே பரவுற ரேடியோ, ரேடார் அலைங்க குப்பிப் பெட்டியில பொருத்தின அடையாள வில்லையில பட்டுத் திரும்பும். அதை இது கேட்டுச் சொல்லும். ஞானி இருக்கும்போது இது எதுக்குன்னு மேலாளர் சார்தான் வாங்கிப் பூட்டி வெச்சுட்டார்."

திரையில் ஒரு புள்ளி மின்னியது. ஞானியின் ஆசனத்துக்கு நேராக.

துணியை விலக்கினார்கள். ஒட்டுத்தாள் உரிந்துபோன பெட்டி. காலி என்று நினைத்து மேலாளரே போடச் சொன்ன ஆசனம். உள்ளே ஈயக் கவசத்தில் குப்பி பத்திரம்.

ஞானி ஓடிய வேகத்தை அளக்கத் தனி ரேடார் வேண்டும்.

"மன்னிச்சிரும்மா," என்றார் மேலாளர்.

"ஒட்டுத்தாளைப் பார்த்து அவர் ஏமாந்தார், வெள்ளைக் கோட்டைப் பார்த்து நீங்க ஏமாந்தீங்க. பெட்டியைத்தான் திறக்கல, மண்டையையாவது திறந்திருக்கலாமே சார்!"