அடி அண்ணாமலையில் ஓர் அம்பு

ஒழுங்கான மனிதர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செய்வார்கள். ஆனால் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, கோணாமல் செய்வார்கள். நான் அந்த வகை. பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். (இதை நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை. என் வீட்டில் யாரும் மறப்பதில்லை.)

நானும் என் மனைவி கல்யாணியும் ஒருமுறை மலேசியாவுக்குச் சுற்றுலா போயிருந்தோம். முதல் நாள் ஓட்டல் அறையின் கூரையில் ஒரு சின்ன அம்புக்குறி. தீப்பிடித்தால் ஓட வேண்டிய வழி என்று முடிவு செய்து, கல்யாணியை எழுப்பி ஒத்திகை பார்த்தேன். அம்பு துணி அலமாரிக்குள் கொண்டுபோய் விட்டது.

காலையில் எங்கள் வழிகாட்டி அமீர் பாய் விளக்கினார். அவர் அந்த ஊர்த் தமிழர். "அது கிப்லா சார். நாங்க மெக்கா பக்கம் பாத்துத் தொழணும்ல? வெளியூர்ல திசை தெரியாம யாரும் தவிக்கக்கூடாதுன்னு இங்க எல்லா ரூம்லயும் ஒட்டிருவாங்க."

நான் அசந்துபோனேன். அறையில் தங்குபவர் கேட்பதற்கு முன்பே பதில் கூரையில் இருக்கிறது. அமீர் பாயும் அப்படித்தான். கல்யாணியின் விரத நாளில், அவள் வாய் திறக்குமுன்பே, எங்கோ அலைந்து வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு வாங்கி வந்தார்.

ஊர் திரும்பியபின் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு வீடு கட்டினோம். கீழே நாங்கள், மாடி அறைகள் பயணிகளுக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிரம்பும். மற்ற நாட்களில் நானே மாடிக்குப் போய் விளக்கைப் போட்டு அணைத்துவிட்டு வருவேன். கீழ்பென்னாத்தூரில் கடலை வியாபாரம் செய்யும் என் மச்சினன் சேகர் அந்த அறைகளைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். "சும்மா பூட்டி வெக்கறதுக்கு நம்ம மூட்டைய போடலாம் மாமா."

அப்போதுதான் அமீர் பாய் போன் செய்தார். மலேசியாவிலிருந்து ஆட்களை அழைத்து வந்து, வேனில் செஞ்சி, வேலூர் எல்லாம் காட்டப் போகிறாராம். நடுவில் தங்க இடம் வேண்டும். மனைவியோடு வந்து ஒருநாள் தங்கிப் பார்ப்பார். பிடித்துவிட்டால் மாதாமாதம் வேன் வரும். பிடிக்காவிட்டால் கடலை வரும்.

ஏற்பாட்டில் இறங்கினேன். தண்ணீரும் குவளையும் எங்கள் குளியலறையில் எப்போதும் உண்டு. சமையல் சைவம். தொழுகை விரிப்பு வாங்கினேன். மீதி இருந்தது திசை. இந்தியாவிலிருந்து மெக்கா மேற்கே. திருவண்ணாமலையில் மேற்கு என்றால் மலைப்பக்கம். கோயிலுக்குக் கிழக்கே பிறந்து வளர்ந்தவனுக்கு இதில் சந்தேகமே வராது. மாடி அறையின் கூரையில் பச்சை எனாமல் பெயின்டில், மலையைப் பார்த்து, கையகல அம்பு வரைந்தேன். ஏணியைப் பிடித்திருந்த கல்யாணி, "காம்பஸ் வெச்சிப் பாத்தீங்களா?" என்றாள்.

"மலை இருக்கறப்ப காம்பஸ் எதுக்கு?"

அமீர் பாயும் அவர் மனைவி சல்மா அக்காவும் மதியம் வந்தார்கள். அம்பைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இந்த மலையடிவாரத்துல இதை எதிர்பாக்கல." கொஞ்ச நேரத்தில் போனோடு வந்தார். "போன் வேற பக்கம் காட்டுதே சார்?"

"சுத்திலும் பாறைங்க. போன் குழம்பும்," என்றேன், வகுப்பில் சொல்லும் குரலில். அவரும் மாணவனைப்போல் தலையாட்டினார்.

மாலை, தொழுகை முடித்துவிட்டு இருவரும் டீ குடிக்க மொட்டை மாடிக்கு வந்தார்கள். அமீர் பாய் மலையைப் பார்த்து நின்றவர், குனிந்து தரையைப் பார்த்தார்.

"சார், உங்க ஊர்ல சூரியன் எந்தப் பக்கம் மறையும்?"

"மேக்க."

"மலை?"

"மேக்க."

சொல்லி முடித்தபோதே முதுகு சுட்டது. எங்கள் நிழல்கள் நீண்டு மலையைத் தொடப் போய்க்கொண்டிருந்தன.

மலை நகரவில்லை. நான்தான் அதைச் சுற்றிக்கொண்டு அதன் மறுபக்கம் குடிவந்திருந்தேன். ரேஷன் கார்டு முதல் எல்லாவற்றிலும் முகவரியை மாற்றியவன், மண்டைக்குள் மட்டும் மாற்றவில்லை.

"நான் அப்பவே போனை நம்புங்கன்னேன்," என்றார் சல்மா அக்கா. "வாத்தியார் சொல்லிட்டாருன்னீங்க."

கல்யாணி டீத் தட்டோடு நின்றாள். "இன்னாங்க இது? எனக்காக அலைஞ்சி சாப்பாடு வாங்கியாந்த மனுசன். அவரைப் போயி திருப்பி நிக்க வெச்சிட்டீங்களே!"

அமீர் பாய் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தெரியாம செஞ்சதுக்கு ஒண்ணுமில்ல சார். அல்லாவுக்கு எங்க மனசு தெரியும்," என்றார். பிறகு அந்தி நேரத் தொழுகைக்கு விரிப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை அவர்கள் கிளம்பும்வரை வேன் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

செய்தி அன்றைக்கே கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. சேகர் வந்து அறையின் நடுவில் நின்று கூரையைப் பார்த்தான். "கவலைப்படாதீங்க மாமா. மூட்டைங்களுக்கு திசை வேணாம். எந்தப் பக்கம் போட்டாலும் கம்முனு கெடக்கும்."

அம்பின் மேல் இரண்டு முறை வெள்ளை அடித்தேன். நல்ல கம்பெனி எனாமல். பச்சை மேலே வந்துகொண்டே இருந்தது. அடுத்த மாதம், மூட்டைகளுக்காக அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோதுதான் வாசலில் வேன் நின்றது. அமீர் பாய்க்குப் பின்னால் பன்னிரண்டு பேர்.

இப்போதும் மாதாமாதம் வருகிறார்கள். வந்ததும் முதல் வேலையாக எல்லோரையும் மாடி அறைக்கு அழைத்துப் போய், கூரையைக் காட்டி, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அமீர் பாய் சொல்வார்: "வாத்தியார் தன் கையால வரைஞ்சது. இதுக்கு முதுகைக் காட்டி நின்னாப் போதும். கொஞ்சங்கூட பிசகாது."